ஓரத்தில் எழுதியது

மழை விட்டும் பெட்டி எழவில்லை.
கடலூர் முதுநகர் தாண்டி, உப்பனாற்றுப் பாலம் தாண்டி
ஆலை மதிலோரக் கம்பத்தில் தொங்குகிற சாம்பல் பெட்டி.
காற்றை மோந்து
கால் மணிக்கு ஓர் எண் எழுதுவது
அதன் வேலை.

சீரியல் கேபிளைச் சொருகினேன்.
திருத்த முடியாத பிழை.
திருத்த முடியாத பிழை.
முதல் பேஜிலிருந்து கடைசிப் பேஜ் வரை
வேறு பேச்சே இல்லை.

ஒரு சிப் இப்படிச் சாகாது.
சாகிற சிப் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச்
சொத்தைப் பல் காட்டும்.
எல்லாப் பல்லும் ஒரே ராத்திரியில் சொத்தை என்றால்
டார்ச்சில்தான் கோளாறு.

நௌஷாத்தை எழுப்பினேன்.
இந்தப் போர்டை எழுதிவிட்டு
பெங்களூரில் தூங்குகிறவன்.
"பழைய கர்னல் ஒரு பிட் கணக்குடா.
வெள்ளிக்கிழமை நீ ஏத்தினது எட்டு பிட்டு.
சொல்ல மறந்துட்டேன்."
வெள்ளி ஏற்றியது
ஞாயிறு கரண்ட் போய் வரும்வரை
விழித்துக்கொள்ளவே இல்லை.

ஒவ்வொரு பேஜுக்கும் ஓரத்தில்
அறுபத்து நாலு பைட் இடம் உண்டு.
எழுதியதற்குச் சாட்சி அங்கே உட்கார்ந்திருக்கும்.
நாங்கள் ஈசிசி என்போம்.
எழுதியவன் ஒரு மூலையில் உட்கார வைத்தான்.
படிக்கிறவன் வேறு மூலையில் கூப்பிடுகிறான்.
சாட்சி வரவில்லை என்று
பேஜுக்குத் தண்டனை.

அதோடு விட்டதா?
முந்நூற்றுப் பன்னிரண்டு நல்ல பிளாக்குகளுக்குக்
கெட்டது என்று நெற்றியில் குத்திவிட்டது.
லாக் இருக்கும் பக்கம்
இன்னும் வந்து சேரவில்லை, நல்லவேளை.
மொத்தமாகத் துடைக்க ஒரு கட்டளை இருக்கிறது.
துடைத்தால்
ஃபேக்டரியிலேயே ஊனமாய்ப் பிறந்த ஏழு பிளாக்கும்
உத்தமர்களாகிவிடும்.
விரலை எடுத்துக்கொண்டேன்.

"என்னா சொல்லுது பொட்டி?"
தனபாக்கியம்.
இறால் உரிக்கிற கம்பெனியில்
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து நிற்கிறாள்.
விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி.
"பதினாலாந் தேதி. ஒண்ணே முக்கா.
புள்ளைக்கி மூச்சு முட்டிச்சி."
ஐந்து மனு கொடுத்திருக்கிறாள்.

சரிபார்ப்பை நிறுத்திவிட்டு
ஓரத்தோடு சேர்த்துப் பச்சையாக இறக்கினேன்.
பதினாலு. ஒன்று நாற்பத்தைந்து.
நூற்றொன்று.
வரம்பு எண்பது.
வாய் திறந்துவிட்டேன்.

பழக்கதோஷம்,
திறந்த வாயோடு ஓரத்தையும் பார்த்தேன்.
இருநூற்றைம்பத்தாறு பைட்டுக்கு மூன்று பைட் சாட்சி.
பழைய கணக்கைப் போட்டதும்
அது விரல் நீட்டிய இடம்
அதே பைட்டு, ஏழாவது பிட்டு.
செல்லில் மின்சாரம் கசிந்து
பூஜ்யம் ஒன்றாகியிருக்கிறது.
எழுதியபோது அது முப்பத்தேழு.
முன்னே முப்பத்தாறு, பின்னே முப்பத்தெட்டு.

வாயை எப்படி மூடுவது என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

"அப்ப எம்புள்ள பொய் சொல்லிச்சா?"

பெட்டி பொய் சொல்லவில்லை, அக்கா.
அன்று வாடைக்காற்று.
ஆலைக்கு வடக்கே பெட்டி.
தெற்கே உங்கள் வீடு.
காற்று போன திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
சுத்தமான காற்றை
ஒழுங்காக எண்ணியிருக்கிறது
ராத்திரி முழுக்க.

அறிக்கையில் முப்பத்தேழு என்றே எழுதினேன்.
கை கூசியது. எழுதினேன்.
கீழே குறிப்பு என்று ஒரு கட்டம்.
யாரும் நிரப்புவதில்லை, யாரும் படிப்பதில்லை.
வாடை. பெட்டி வடக்கு. வீடு தெற்கு. மணி 1.45.
பெட்டியை மாற்றி வைக்கவும்.

எட்டிப் பார்த்தாள்.
"புள்ள பேரப் போடு சார்."
வெண்மதி என்று அடித்துவிட்டு
இனிஷியல் கேட்டேன்.
கொஞ்ச நேரம் உப்பனாற்றைப் பார்த்தாள்.
"என்னோடதயே போடு."

த. வெண்மதி, வயது நாலு.
சேமி என்று அழுத்தினேன்.
இந்த முறை
எந்தக் கணக்கில் சேமிக்கிறது என்று
இரண்டு தடவை பார்த்துவிட்டு.